கல்விச்சாலைகளின் கதை – 12: பல்கலைக்கழகத்தை எங்கே வைப்பது?

சென்ற இதழில் சலமன்காவைப் பார்த்தோம். 1218-இல் லியோன் அரசர் ஒன்பதாம் அல்பொன்ஸோ தொடங்கிவைத்த அந்தப் பல்கலைக்கழகம் எட்டு நூற்றாண்டுகளாக ஒரே ஊரில் நிற்கிறது. இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் கொம்ப்ளுதென்சே பல்கலைக்கழகம் அப்படி நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை. பிறந்தது அல்கலாவில். வளர்ந்தது மாட்ரிட்டில். அங்கேயும் நெருக்கடியான தெருவிலிருந்து மேட்டுநிலத்துக்கும், மேட்டுநிலத்திலிருந்து நகருக்கு வெளியேயும் போனது. கர்தினால், அமைச்சர், அரசர், சர்வாதிகாரி என்று ஆளாளுக்கு அதை நகர்த்தினார்கள். படிக்கிற இளைஞர்களை அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைப்பதா, தள்ளி வைப்பதா என்ற கணக்கு அந்த இடமாற்றங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

துறவி வகுத்த நகரம்

மாட்ரிட்டுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது அல்கலா தெ எனாரெஸ். ரோமானியர் காலத்தில் இந்த வட்டாரத்துக்குக் கொம்ப்ளூட்டம் என்று பெயர். பல்கலைக்கழகத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1293-இல் காஸ்டில் அரசர் நான்காம் சாஞ்சோ, இங்கே உயர்கல்விக்கூடம் அமைத்துக்கொள்ளத் தொலேதோ பேராயருக்கு அனுமதி தந்தார். அது பேர்சொல்லும்படி வளரவில்லை. அதற்கான ஆள் வர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

அவர் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் தெ சிஸ்னெரோஸ். சலமன்காவில் படித்தவர். திருச்சபையில் மேலே போய்க்கொண்டிருந்த காலத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பிரான்சிஸ்கன் துறவியானார். பதவியை விட்டவரைப் பதவி விடவில்லை. 1492-இல் அரசி இசபெல்லாவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானார். 1495-இல் தொலேதோ பேராயரானார். ஸ்பெயின் திருச்சபையிலேயே வருமானம் மிகுந்த இடம் தொலேதோ. அல்கலாவோ தொலேதோ பேராயர்களின் ஆளுகையில் இருந்த ஊர். பணமும் கையில், நிலமும் கையில்.

1499 ஏப்ரல் 13 அன்று போப் ஆறாம் அலெக்சாண்டர் ஆணை வழங்க, சான் இல்தெபோன்ஸோ கல்லூரியை மையமாக வைத்துப் பல்கலைக்கழகம் உருவானது. பெத்ரோ குமியேல் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். ஏற்கெனவே இருந்த ஊரில் இரண்டு கட்டடங்களைச் செருகுவது சிஸ்னெரோஸின் திட்டமில்லை. தெருக்கள், கல்லூரிகள், விடுதிகள், அச்சகம் எல்லாவற்றையும் கல்விக்காகவே வகுத்து ஒரு நகரத்தை எழுப்பினார். பல்கலைக்கழகத்துக்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்ட முதல் நகரம் என்று யுனெஸ்கோ இன்று அல்கலாவைக் குறிப்பிடுகிறது. 1508-இல் வகுப்புகள் தொடங்கின. 1510-இல் சட்டதிட்டங்கள் எழுதப்பட்டன.

அந்தச் சட்டதிட்டங்கள் சுவையானவை. கல்லூரியில் உதவித்தொகை பெற்றுத் தங்கிப் படிப்பவர்கள் 33 பேர், கிறிஸ்துவின் வயது. கூடவே 12 குருமார், சீடர்களின் எண்ணிக்கை. ரெக்டரை ஆண்டுதோறும் இந்த 33 பேருமே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் தப்புச் செய்தால் விசாரிப்பவர் ரெக்டர். அடைத்துவைக்கத் தனிச் சிறையும் இருந்தது. இறையியலில் அன்று மோதிக்கொண்டிருந்த மூன்று சிந்தனைப் பள்ளிகளையும் அடுத்தடுத்து வைத்தே கற்பித்தார்கள். ஆனால் அரசு வேலைக்கு ஏணியாக இருந்த உரிமையியல் சட்டத்துக்கு அல்கலாவில் இடமில்லை. அதற்குச் சலமன்காவும் வல்லதோலிதும் இருந்தன. சிஸ்னெரோஸ் கேட்டது வழக்கறிஞர்களை அல்ல. மூலமொழியில் வேதம் படிக்கத் தெரிந்த குருமார்களை.

இதே மனிதரின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். அல்கலாவுக்கு ஆணை வாங்கிய அதே 1499-இல் கிரனாடாவுக்குப் போய் முஸ்லிம்களை மதம் மாற்றும் வேலையை முடுக்கிவிட்டவர் அவர். அரபு நூல்களைக் குவித்து நடுச்சதுக்கத்தில் கொளுத்தச் செய்தார். மருத்துவ நூல்களுக்கு மட்டும் விலக்கு; அவை அல்கலா நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1507-இல் கர்தினாலானதோடு மதவிசாரணை மன்றத்தின் தலைமையும் அவரிடம் வந்தது.

ஆறு தொகுதி, நான்கு மொழி

அல்கலாவின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது ஒரு புத்தகம். கொம்ப்ளுதென்சியப் பன்மொழி விவிலியம். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மூன்றையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வைத்து, முதல் ஐந்து ஆகமங்களுக்கு அரமேய மொழிபெயர்ப்பையும் அடியில் சேர்த்து அச்சிடுவது திட்டம். 1502 வாக்கில் வேலை தொடங்கியது. 1492-இல்தான் யூதர்களை ஸ்பெயின் நாட்டைவிட்டே விரட்டியிருந்தது. எபிரேயப் பகுதிக்கோ மதம் மாறிய யூத அறிஞர்களை நம்பவேண்டியிருந்தது. அல்பொன்ஸோ தெ சமோரா, பாப்லோ கொரொனெல், அல்பொன்ஸோ தெ அல்கலா மூவரும் அப்படிப்பட்டவர்கள். கிரேக்கத்துக்குக் கிரீட் தீவிலிருந்து தெமெத்ரியஸ் தூக்காஸ் வந்தார். காஸ்டில் மொழிக்கு 1492-இல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹாவும் குழுவில் இருந்தார். இலத்தீன் பாடத்தைத் திருத்துவதில் சிஸ்னெரோஸோடு ஒத்துப்போகாமல் விலகினார்.

அச்சிட்டவர் அர்னாவோ கியென் தெ பிரோக்கார். புதிய ஏற்பாடு 1514-இல் அச்சாகிவிட்டது. ஆறு தொகுதிகளும் முடிந்த நாள் 1517 ஜூலை 10. நான்கு மாதங்களில், நவம்பர் 8 அன்று, சிஸ்னெரோஸ் இறந்தார். புத்தகம் வெளியே போக 1520-இல்தான் போப் பத்தாம் லியோவின் அனுமதி கிடைத்தது. அதற்குள் இராஸ்மஸின் கிரேக்கப் புதிய ஏற்பாடு 1516-இலேயே சந்தைக்கு வந்திருந்தது. அச்சில் முந்தியது அல்கலா, விற்பனையில் முந்தியது இராஸ்மஸ். அந்த இராஸ்மஸை அல்கலாவுக்கு வரச்சொல்லி சிஸ்னெரோஸ் அழைத்திருந்தார். அவர் வர மறுத்துவிட்டார். அச்சான 600 படிகளில் ஒரு பகுதி இத்தாலிக்குப் போகும் வழியில் கடலில் மூழ்கியது.

இந்தப் பதிப்புக்குப் பயன்பட்ட பழஞ்சுவடிகளைப் பற்றி ஒரு கதை உண்டு. 1784-இல் அவற்றைத் தேடிவந்த மோல்டன்ஹாவர் என்ற அறிஞரிடம், அவற்றை வாணவேடிக்கைக்காரர் ஒருவருக்கு எடைக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்களாம். ஐரோப்பா முழுவதும் இதைச் சொல்லிச் சிரித்தது. பிற்பாடு தேடியபோது சுவடிகள் நூலகத்திலேயே இருந்தன. அவற்றுக்கு உண்மையான ஆபத்து இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

படித்தவர்களும் சிறைப்பட்டவரும்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அல்கலா பெரும் பேரோடு இருந்தது. ரோத்ரிகோ ஹில் தெ ஒந்தான்யோன் 1537-இல் தொடங்கி 1553-இல் முடித்த கல் முகப்பு, செங்கல்லில் எழுந்திருந்த சிஸ்னெரோஸின் கல்லூரிக்குப் புதுத் தோற்றம் தந்தது. லோப்பே தெ வேகா, கெவேதோ, கால்தெரோன் என ஸ்பானிய இலக்கியத்தின் பெரும்புள்ளிகள் இங்கே படித்தார்கள். செர்வாந்தெஸ் 1547-இல் பிறந்தது இந்த ஊரில்தான் என்றாலும் அவர் இங்கே படித்தவர் இல்லை.

1526-இல் வந்து சேர்ந்த ஒரு மாணவர் மற்றவர்களைப் போல இல்லை. முப்பது வயதைத் தாண்டியவர். போரில் கால் அடிபட்டவர். சாக்குத்துணி போன்ற உடை. தெருவில் ஆட்களைக் கூட்டி வைத்துத் தியானம் சொல்லிக்கொடுப்பார். இனிகோ தெ லொயோலா, பின்னாளில் புனித இஞ்ஞாசியார். மதவிசாரணை அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. 1527-இல் 42 நாள் சிறையில் வைத்து விசாரித்தார்கள். இறையியல் படித்து முடிக்கும்வரை போதிக்கக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். அவர் ஊரைவிட்டே போய், கடைசியில் பாரிஸ் சேர்ந்தார். அவர் பேரைக் கேள்விப்பட்டிருந்த அல்கலா மாணவர்களான தியேகோ லாயினெஸும் அல்பொன்ஸோ சல்மெரோனும் பின்னாலேயே பாரிஸுக்குப் போனார்கள். இயேசு சபையின் முதல் ஏழு பேரில் இவர்கள் மூவரும் அடக்கம். அந்த ஏழு பேரில் இன்னொருவர் நமக்குத் தெரிந்தவர்: 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அல்கலா தேய்ந்தது. கல்லூரி இடங்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின; பாடங்கள் பழையபடியே நின்றன. அந்தக் காலத்திலும் ஒரு நாள் தனியாகத் தெரிகிறது. 1785 ஜூன் மாதம், மூன்றாம் கார்லோஸ் அரசரின் சிறப்பு அனுமதியோடு, மரியா இசித்ரா தெ குஸ்மான் என்ற 17 வயதுப் பெண் இங்கே தேர்வெழுதி டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்பெயினில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அடுத்த பெண் அதே பட்டம் பெற ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

மாட்ரிட்டுக்கு மூட்டை கட்டியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளவாதிகளுக்கு அல்கலா என்றால் குருமாரின் கோட்டை. தலைநகரில் அரசின் கண்முன்னே, அரசுக்கு வேண்டிய ஆட்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1821-இல் சட்டம் கொண்டுவந்து 1822-இல் மாட்ரிட்டில் மத்தியப் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே அரசர் ஏழாம் பெர்னாந்தோ முழு அதிகாரத்தோடு திரும்ப, பல்கலைக்கழகம் அல்கலாவுக்கே திரும்பியது. அவர் இறந்து ஆட்சி மாறியதும், 1836 அக்டோபர் 29 அரசாணை அதை மறுபடியும் மாட்ரிட்டுக்கு மாற்றியது. இம்முறை நிலைத்துவிட்டது.

அல்கலாவில் எஞ்சியது காலிக் கட்டடங்கள். அரசு அவற்றைத் தனியாருக்கு விற்றது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் வாங்கியவர் கல்லையும் மரத்தையும் பிரித்தெடுக்கத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. 1850-இல் கூடிப்பேசி ஒரு சங்கம் அமைத்தார்கள். பங்கு ஒன்றுக்கு 100 ரியால் என்று வசூலித்தார்கள். வசதியுள்ளவர்கள் பல பங்கு, மற்றவர்கள் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களை மொத்தமாக விலைக்கு வாங்கினார்கள். ஒரு பல்கலைக்கழகம் என்றாவது திரும்பி வந்தால் இடம் வேண்டுமே என்பது அவர்கள் நினைப்பு. வரும்வரை ஒரு துறவுச்சபை அங்கே பள்ளி நடத்தியது.

மாட்ரிட்டில் பல்கலைக்கழகம் சான் பெர்னார்தோ தெருவில், இயேசு சபையின் பழைய நவசந்நியாசி மடத்தில் குடியேறியது. மருத்துவம் அத்தோச்சா தெருவில் சான் கார்லோஸ் கல்லூரியில் நடந்தது. 1857-இன் மொயானோ சட்டம், நாட்டிலேயே டாக்டர் பட்டம் வழங்கும் உரிமையை மாட்ரிட்டுக்கு மட்டும் கொடுத்தது. பார்சலோனாவில் படித்தாலும் சரகோசாவில் படித்தாலும் அந்தப் பட்டத்துக்கு மாட்ரிட் வந்தாக வேண்டும். 1882-இல் தொலோரெஸ் அலேயு, மர்த்தினா காஸ்தெல்ஸ் என்ற இரு மருத்துவப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். நரம்பணுவை ஆராய்ந்து 1906-இல் நோபல் பெற்ற சந்தியாகோ ரமோன் இ காஹல் 1892 முதல் இங்கே பேராசிரியர். 1916-இல் எழுத்தாளர் எமிலியா பார்தோ பஸான் இதன் முதல் பெண் பேராசிரியரானார்.

அரசு தன் பக்கத்தில் கொண்டுவந்த பல்கலைக்கழகம் அரசுக்கே தலைவலியானது. 1865-இல் அரசி இரண்டாம் இசபெல்லாவைக் குறைகூறி எழுதிய பேராசிரியர் எமிலியோ காஸ்தெலாரை நீக்கும்படி உத்தரவு வந்தது. ரெக்டர் மறுத்தார், அவரையும் நீக்கினார்கள். ஏப்ரல் 10 இரவு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் படை சுட்டதில் பலர் செத்தார்கள். மூன்றே ஆண்டில் அரசியும் முடியிழந்து நாட்டைவிட்டுப் போனார்.

மேட்டில் ஒரு கனவு

1927-இல் தம் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு நெருங்குகையில், விழா எடுப்பதற்குப் பதில் பல்கலைக்கழக நகரம் கட்டலாம் என்றார் பதின்மூன்றாம் அல்பொன்ஸோ. மாட்ரிட்டின் வடமேற்கே மொங்க்ளோவா அரச நிலத்தைக் கொடுத்தார். பணத்துக்குத் தனி லாட்டரிச் சீட்டு. தலைமைக் கட்டடக் கலைஞர் மொதெஸ்தோ லோப்பெஸ் ஒத்தேரோவும் குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நேரில் பார்த்து வந்தார்கள். அகுஸ்தீன் அகிர்ரே, சாஞ்செஸ் ஆர்க்காஸ், லூயிஸ் லகாசா போன்ற இளைஞர்களும், கான்கிரீட்டில் பெயர்பெற்ற பொறியாளர் எதுவார்தோ தொர்ரோஹாவும் கைகோத்தார்கள்.

1931-இல் அரசர் நாட்டைவிட்டுப் போனார். குடியரசு வேலையைத் தொடர்ந்தது. கட்டுமானக் குழுவின் செயலாளராக ஓடியாடியவர் உடலியல் பேராசிரியர் ஹுவான் நெக்ரீன். 1933 ஜனவரியில் தத்துவ, இலக்கியப் புலம் முதலில் திறந்தது. ஒர்த்தேகா இ கஸெத், மெனெந்தெஸ் பிதால், அமெரிக்கோ காஸ்த்ரோ, ஹொஸே காவோஸ் கற்பித்தார்கள். இளம் ஆசிரியையாக மரியா ஸம்பிரானோ. புலத்தலைவர் கார்சியா மொரெந்தே பழைய பாடத்திட்டத்தைத் தளர்த்தி, மாணவர்களே பாடம் தேர்ந்துகொள்ள வழிசெய்தார். அந்தக் கோடையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கப்பலேறி மத்தியதரைக்கடல் நாடுகளைச் சுற்றி வந்தார்கள். அந்தக் கல்விக்குக் கிடைத்த காலம் மூன்றரை ஆண்டுதான்.

போர்முனையான வகுப்பறை

1936 நவம்பர் 15. குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த தளபதி பிராங்கோவின் படை மன்சனாரெஸ் ஆற்றைக் கடந்து பல்கலைக்கழக நகருக்குள் புகுந்தது. கட்டடக்கலைப் பள்ளி விழுந்தது. இன்னும் திறக்கப்படாத மருத்துவமனைக் கட்டடம் 17-ஆம் தேதி அவர்கள் கைக்குப் போனது. தத்துவப் புலம் குடியரசுப் படையிடம் நின்றது. அதைக் காத்தவர்களில் பல நாட்டிலிருந்து வந்த சர்வதேசப் படைப்பிரிவினர் இருந்தார்கள். சன்னல்களை அடைக்க மணல்மூட்டை போதாமல் நூலகப் புத்தகங்களை அடுக்கினார்கள். இந்திய மெய்யியல் தொகுதிகளும் ஜெர்மன் தத்துவ நூல்களும் குண்டை நன்றாகவே தாங்கியதாக அங்கே போரிட்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

மருத்துவமனையில் மாடிக்கு மாடி, அறைக்கு அறை சண்டை. பிறகு பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிவைக்கும் போர். முன்னணிக் கோடு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வளாகத்தின் நடுவிலேயே நின்றது. கட்டுமானச் செயலாளராக இருந்த நெக்ரீன் 1937 மே மாதம் குடியரசின் பிரதமரானார். தாம் எழுப்பிய வளாகம் தம் படையின் பதுங்குகுழியாவதைப் பார்க்க நேர்ந்தது. பன்மொழி விவிலியத்துக்கு உதவிய பத்தாம் நூற்றாண்டு இலத்தீன் சுவடி ஒன்று இந்தப் போரில் சில துணுக்குகளாகச் சிதைந்தது. எபிரேயச் சுவடிகளில் முக்கியமான ஒன்று பிழைத்தது. இன்று சான் பெர்னார்தோவுக்குப் பக்கத்திலுள்ள வரலாற்று நூலகத்தில் இருக்கிறது. 1939 மார்ச் 28 அன்று மாட்ரிட் சரணடைந்ததும் இதே மருத்துவமனை இடிபாட்டில்தான்.

வெற்றி வளைவுக்குப் பின்னால்

இடிந்ததைத் திரும்பக் கட்டும் பொறுப்பும் லோப்பெஸ் ஒத்தேரோவுக்கே வந்தது. 1943 அக்டோபர் 12 அன்று பிராங்கோ திறந்துவைத்தார். வளாகத்தின் நுழைவாயிலில் 1950-களில் வெற்றி வளைவு எழுந்தது. முன்பு கட்டியவர்களும் கற்பித்தவர்களும் அதைப் பார்க்க அங்கே இல்லை. சாஞ்செஸ் ஆர்க்காஸும் லகாசாவும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயிருந்தார்கள்; கடைசிக் குடியரசு ரெக்டர் காவோஸ் மெக்சிகோவில். ஸம்பிரானோ திரும்பிவர 1984 ஆயிற்று.

சர்வாதிகாரம் தன் பிள்ளைகளுக்கென்று கட்டிய வளாகத்தில் அதே பிள்ளைகள் எதிர்த்தார்கள். 1956 பிப்ரவரி மோதல்களில் ரெக்டரும் கல்வியமைச்சரும் பதவி இழந்தார்கள். 1965-இல் மாணவர் ஊர்வலத்தில் முன்னால் நடந்த குற்றத்துக்காக அராங்குரென், கார்சியா கால்வோ ஆகிய பேராசிரியர்களை வெளியேற்றினார்கள். கூட்டமும் பெருகியது. 1968-இல் பொஸுவெலோ ஊர்ப் பக்கம் சொமோசாகுவாஸ் வளாகம் திறந்தது. அரசியல், பொருளியல், உளவியல், சமூகப்பணிப் புலங்கள் இன்று அங்கே இருக்கின்றன. இடநெருக்கடி ஒரு காரணம். தொந்தரவு தரும் மாணவர்களை நகரத் தெருக்களிலிருந்து தள்ளி வைப்பது மற்றொன்று என்பது மாட்ரிட்டில் அன்றிலிருந்தே பேச்சு. தள்ளிவைத்ததில் பெரிய பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2014-இல் பொதெமோஸ் கட்சியைத் தொடங்கிய பாப்லோ இக்லெசியாஸ் உள்ளிட்டவர்கள் சொமோசாகுவாஸ் அரசியல் புலத்து ஆசிரியர்கள்.

கொம்ப்ளுதென்சே என்ற பெயர் 1970-இல் முறைப்படி மாட்ரிட் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது. பெயர் மாட்ரிட்டுக்கு, கட்டடம் அல்கலாவில். 1977-இல் அல்கலாவில் புதிய அரசுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அது குடிவந்த இடம், 1850-இல் ஊர்க்காரர்கள் வாங்கிக் காத்த கட்டடம். 1998-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஸ்பானிய மொழியின் உயரிய இலக்கிய விருதான செர்வாந்தெஸ் விருதை ஒவ்வோர் ஏப்ரல் 23 அன்றும் அதன் பழைய பேரவை மண்டபத்தில் வழங்குகிறார்கள். 1988-இல் அந்த விருதுக்கு முதன்முதலாகத் தேர்வான பெண், நாடு கடந்து வாழ்ந்து திரும்பிய மரியா ஸம்பிரானோ.

ஊர்க்காரர்களின் சங்கம் இன்றும் கலையவில்லை. கட்டட உரிமை அவர்களிடம். பல்கலைக்கழகம் அவர்களிடம் குடியிருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளில் கர்தினாலும் அரசரும் தளபதியும் இந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எடுத்த முடிவுகளை அடுத்து வந்தவர் மாற்றிவிட்டார். ஆளுக்கு 100 ரியால் போட்ட அல்கலாக்காரர்களின் முடிவை மட்டும் இதுவரை யாரும் மாற்றவில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: போர்த்துகலின் கோயிம்பிரா.